பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரிக்கப்போறீங்களா... ஒரு நிமிஷம்!

பவர்கட்டுக்கு ஒரு எல்.இ.டி விளக்கு, சின்னதா ஒரு பவர்பேங்க்... எல்லாத்தையும் பழைய லேப்டாப் பேட்டரியிலேயே செய்யலாம்னு சொல்ற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. செய்யலாம்தான். ஆனா, எந்த செல்லை வெச்சுக்கணும், எதை ஒதுக்கணும்னு சோதிச்சுப் பார்க்காம இறங்கினா, வீட்டுக்குள்ள தீப்பிடிக்கிற அபாயம் இருக்கு.

பேக் போனாலும் செல் போயிருக்காது!

கழற்றி மாட்டுற பழைய லேப்டாப் பேட்டரிகள்ல பெரும்பாலும் 6 உருளை செல்கள் இருக்கும். பெயர் 18650. அதாவது 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம். இவை ஜோடி ஜோடியாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடி பலவீனமானாலே பாதுகாப்பு சர்க்யூட் மொத்த பேக்கையும் நிறுத்திடலாம். அதனால, மத்த நாலு செல்களும் நல்லா இருக்க வாய்ப்பு உண்டு.

பிரிக்கும்போது கவனம்

செல்லோட உலோக உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் முனைக்கும் அதுக்கும் நடுவுல சின்ன வளையம்தான் தடுப்பு. ஸ்க்ரூடிரைவர் ரெண்டையும் தொட்டா ஷார்ட் சர்க்யூட்! பிளாஸ்டிக் கருவியால நெம்புங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. நசுங்கினது, துரு ஏறினது, கசிஞ்சது எதுவும் வேண்டாம். தலையணை மாதிரி உப்பின தட்டை பேட்டரியைப் பிரிக்கவே கூடாது.

நாலு சோதனைகள்

1. மல்டிமீட்டர்ல 2.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினா ஒதுக்கிடுங்க. ரொம்ப இறங்கின செல்லுக்குள்ள இருக்கிற தாமிரத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப சார்ஜ் ஏத்தும்போது அந்தத் தாமிரம் உள்ளேயே படிஞ்சு ஷார்ட் ஆகலாம்.

2. 4.2 வோல்ட்ல தானா நிக்கிற லித்தியம் அயான் சார்ஜர்ல மட்டும் ஏத்துங்க. மெத்தை மேல வேண்டாம், டைல்ஸ் தரையில வைங்க. பக்கத்துலயே இருங்க. சூடானா அந்த செல் வேண்டாம்.

3. மறுநாள் வோல்ட்டை அளந்து எழுதிவைங்க. ரெண்டு வாரம் சும்மா விட்டுட்டு மறுபடி அளங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல குறைஞ்சிருந்தா, உள்ளே மின்சாரம் கசியுதுன்னு அர்த்தம். முதல் நாள் 'ஃபுல்'னு காட்டின செல்கூட இதுல மாட்டும். பலரும் பொறுமையில்லாம விட்டுடுறது இந்தச் சோதனையைத்தான்.

4. கொள்ளளவு காட்டுற சார்ஜர்ல போட்டுப் பாருங்க. புதுசுல 2,200 எம்.ஏ.ஹெச் இருந்த செல், இப்போ 1,500-க்குக் கீழேன்னா விட்டுடுங்க.

எதுக்குப் பயன்படுத்தலாம்?

டார்ச், சின்ன விளக்கு மாதிரி ஒரே செல்லுல ஓடுற பொருள்களுக்கு, பாதுகாப்பு சர்க்யூட்டோட பயன்படுத்துங்க. செல் மேல நேரடியா சால்டர் வைக்காதீங்க, அந்தச் சூடே செல்லைக் கெடுத்துடும். ஹோல்டர் வாங்கிக்கோங்க. ஆளுக்கொரு வயசுல இருக்கிற செல்களைக் கோத்து ஸ்கூட்டருக்கோ இன்வெர்ட்டருக்கோ பேக் கட்டுறது வேண்டவே வேண்டாம். பலவீனமான செல்தான் முதல்ல அடிவாங்கும்.

ஒதுக்கின செல்களை என்ன செய்றது?

குப்பைத்தொட்டியில போட்டா, குப்பை வண்டியில நசுங்கித் தீப்பிடிக்கலாம். ரெண்டு முனையிலயும் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் சேகரிக்கிற இடத்துல கொடுங்க. நம்ம நாட்டுல பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு, 2022-ல் வந்த விதிகள்படி தயாரிப்பாளர்களுக்கே இருக்கு.

ஆறு செல்லுல ரெண்டுதான் தேறினாலும் வருத்தப்படாதீங்க. ஒரு டார்ச்சுக்கு ஒண்ணு போதும்!