அளக்குங் கருவியை அளத்தல்

ஒன்றை அளந்து கூறுதல் எளிது; அளந்த கருவி மெய் கூறிற்றா என அறிதலே அரிது. ஆலையிலும் ஆய்வுகூடத்திலும் வைத்தியசாலையிலும் இக்காலத்தில் அளக்குந் தொழிலைப் பெரும்பாலும் கணினியோடிணைந்த தரவுசேர் கருவிகளே செய்கின்றன. அவற்றை அளவுதிருத்தஞ் செய்யும் முறையை இன்று ஆராய்வோம்.

வெப்பநிலை, அமுக்கம் முதலியன இடையறாது மாறும் இயல்பின. உணரி அவற்றை மின்னழுத்தமாக மாற்ற, கருவியின் உள்ளீடு அதனை எண்ணாக மாற்றுகின்றது. 12 துவித இலக்கங்களையுடைய கருவியொன்று 0 முதல் 10 வோல்ற்று வரையுள்ள எல்லையை 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 2.44 மில்லிவோல்ற்று. எனினும், படிகள் நுண்மையைத் தருமேயன்றிச் செம்மையைத் தாரா.

நேயர்களே, தராசை நினைத்துப் பாருங்கள். தட்டுக்கள் வெறுமையாக இருக்கும்போதே முள் சாய்ந்து நின்றால் அது ஒரு குற்றம். படிக்கல் குறைந்திருந்தால் அது மற்றொரு குற்றம். முன்னையது எந்நிறைக்கும் ஒரே அளவான பிழையைத் தரும். பின்னையது நிறை கூடக் கூடத் தானும் வளரும். மின்கருவிக்கும் இவ்விரு குற்றங்கள் உண்டு. முதலாவது பூச்சியப் பிழை. இரண்டாவது பெருக்கப் பிழை.

இவற்றைக் களைய நம்பத்தகுந்த மின்மூலம் ஒன்று வேண்டும். அதன் செம்மை, திருத்தப்படுங் கருவியினதிலும் நான்கு மடங்கேனும் மேம்பட்டிருத்தல் நன்று. கருவியை அரைமணி நேரம் இயங்கவிட்டு, அது சீரான வெப்பநிலையை அடைந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். 0 வோல்ற்றைக் கொடுத்தபோது 0.02 என்றும், 10 வோல்ற்றைக் கொடுத்தபோது 10.12 என்றும் அது காட்டுவதாகக் கொள்வோம். பூச்சியப் பிழை 0.02, பெருக்கம் 1.01. இனி வரும் ஒவ்வோர் எண்ணிலும் 0.02 ஐக் கழித்து, 1.01 ஆல் வகுத்தாற் போதும். இறுதியில் 5 வோல்ற்றைக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். நடுவிலும் விடை சரியாயின் கருவி நேர்கோட்டில் இயங்குகின்றது என்று துணியலாம்.

வெளியீட்டைத் திருத்தும்போது ஒரு பொறி உண்டு. கருவியின் வெளியீட்டை அதன் உள்ளீட்டோடே இணைத்துச் சோதிப்பார் சிலர். வெளியீடு 0.1 கூட்டித் தர, உள்ளீடு 0.1 குறைத்துக் காட்டினால், இரு பொய்யும் சேர்ந்து மெய்போலத் தோன்றும். ஆதலால் வெளியீட்டைத் தனியான மானியொன்றினால் அளத்தலே முறை.

உணரியையும் உடன் சோதித்தல் வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியும் தூயநீருங் கலந்த கலவை 0 பாகை செல்சியசைத் தரும். கொதிநீர் அவ்வளவு நம்பத்தக்கதன்று. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், நுவரெலியாவின் உயரத்தில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். இதனை மறந்து திருத்தினால் திருத்தமே பிழையாகும்.

இதனால் விளையுங் கேடு சிறிதன்று. தடுப்பு மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 பாகைக்குள் வைத்துக் காத்தல் வேண்டும். ஈரலழற்சி பீ நோய்க்கான மருந்து உறைந்தால் ஆற்றலை இழக்கும். கருவி 3 பாகை கூட்டிக் காட்டுமாயின், திரையில் 2 என்றிருக்கும்போது பெட்டியினுள் பூச்சியத்திற்குக் கீழ் 1 பாகை உறைகுளிர் நிலவும். ஏட்டில் எல்லாம் செம்மையாகத் தோன்றும்; குழந்தைக்கு ஏற்றப்படும் மருந்தோ பயனற்றதாயிருக்கும்.

நாட்செல்லக் கருவியின் உறுப்புக்கள் மாறுகின்றன. எனவே அளவுதிருத்தம் ஒருமுறையோடு முடியுங் கருமமன்று. திருத்திய நாள், பயன்படுத்திய மூலம், திருத்துமுன் கண்ட எண், திருத்திய பின் கண்ட எண் ஆகிய நான்கையும் எழுதி வைத்தல் வேண்டும். திருத்துமுன் கண்ட எண்ணே, சென்ற காலத்து அளவைகளில் எவற்றை நம்பலாம், எவற்றை நம்பலாகாது என்று நமக்கு உணர்த்துவது.