மின்னஞ்சல் வந்தும் மணி ஒலிக்காதது ஏன்?



கடிதம் வேறு, கடிதம் வந்துள்ளது என்னும் அறிவிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே இன்று பலர் இடர்ப்படுகின்றனர். கணினித் திரையின் வலக்கோடியில் அறிவிப்புக் கட்டம் தோன்றவில்லை, ஒலியும் எழவில்லை, ஆகவே எவரும் எழுதவில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். கடிதமோ பெட்டியில் உறங்கிக் கிடக்கும். நேர்முகத் தேர்வு அழைப்பு, கல்லூரி இடத்தை ஏற்பதற்கான இறுதி நாள், உதவித்தொகைக்காகக் கேட்கப்படும் கூடுதல் பத்திரம் போன்றவை இக்காலத்தில் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே வருகின்றன. நம் தோட்டத்தில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை ஒருவருக்கு வந்த அழைப்பு மூன்று நாள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. நான்காம் நாள் கண்டபோது, மறுமொழி அனுப்ப ஒரே நாள்தான் எஞ்சியிருந்தது.

நம் பள்ளிக் கணினி அறையில் பயன்படும் தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருளையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். மொசில்லா அமைப்பினர் 2004ஆம் ஆண்டில் முதற்பதிப்பை வெளியிட்ட இம்மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. வேறு மென்பொருளை வைத்திருப்போருக்குப் பொத்தான்களின் பெயர்கள் மாறுமேயன்றி, ஆராயும் முறை ஏறத்தாழ இதுவே.

முன்னாளில் தோட்டத்திற்குக் கடிதம் வந்த விதத்தை மூத்தோர் அறிவர். கடிதம் முதலில் பட்டணத்து அஞ்சலகத்தை வந்தடையும். தோட்டத்து ஆள் ஒருவர் சென்று அஞ்சற்பையை எடுத்து வருவார். அலுவலகத்தில் கிராணியார் அதனைப் பிரித்து அடுக்குவார். பிறகே, 'உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது' என லயத்திற்குச் சொல்லியனுப்புவார். மின்னஞ்சலும் இவ்வாறே நான்கு படிகளைக் கடக்கிறது. சர்வர் எனப்படும் தொலைக்கணினியே அஞ்சலகம். பையை எடுத்து வருவதும் பிரித்து அடுக்குவதும் தண்டர்பேர்டின் வேலை. நமக்குச் சொல்லும் வேலையில் தண்டர்பேர்டுடன் விண்டோஸும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் படியில் தடை நேர்ந்தது என்று அறியாமல் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்துவது வீண் வேலை.

தடை எங்கே என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேறொருவரின் முகவரியிலிருந்து உங்கள் முகவரிக்கு ஒரு வரிக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் அதனைத் திறந்துவிடாதீர்கள். அங்கே படித்துவிட்டால், 'படித்தாயிற்று' என்னும் குறி சர்வரில் பதிவாகிவிடும். பின்னர்க் கணினி அதற்காக மணி அடிக்காது. (பல வீடுகளில் 'கணினி கெட்டுவிட்டது' எனப்படுவதன் காரணம் இதுவே, அங்கே கெட்டது ஒன்றுமில்லை.) பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கடிதம் தானாகவே தடித்த எழுத்தில் வந்து நிற்கிறதா? 'கெட் மெசேஜஸ்' பொத்தானை அழுத்திய பின்னரே வருகிறதா? அழுத்தியும் வரவில்லையா? இம்மூன்றனுள் எது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அழுத்திய பின்னரே வருமாயின், பையை எடுத்து வரும் ஆள் தாமாகச் செல்லவில்லை என்பது பொருள். 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' என்பதில் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்தால், தொடங்கும்போதே புதுக் கடிதம் தேடுதல், இத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை தேடுதல் ஆகிய இரு கட்டங்களைக் காணலாம். இரண்டிலும் குறியிடுக, இடைவெளி 10 நிமிடமாக இருப்பது போதும். அருகிலேயே, புதுக் கடிதம் வந்தவுடன் சர்வரே தெரிவிப்பதற்கு இசைவளிக்கும் கட்டமும் உண்டு. 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 'ஐடில்' என்னும் நெறிப்படி இது நடைபெறுகிறது. எனினும் இதனை மட்டும் நம்பியிருத்தல் நம் தோட்டப்புறத்திற்கு ஒவ்வாது. மழை பெய்தால் இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் இத்தொடர்பு அறுந்துபோகக்கூடும்; அப்போது நிமிடக் கணக்குத் தேடலே கைகொடுக்கும்.

அழுத்தியும் வரவில்லையாயின், முதலில் 'ஃபைல்' பட்டியலில் 'ஒர்க் ஆஃப்லைன்' என்பதில் குறி உள்ளதா எனக் காண்க. இருந்தால் நீக்கிவிட வேண்டும். அடுத்து, நெடுநாளைக்கு முன் அமைத்த கணக்காயின் கடவுச்சொல் முறையைக் கவனிக்க வேண்டும். வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு மென்பொருள்கள் உள்நுழையும் பழைய முறையைத் தனியாள் கணக்குகளுக்குக் கூகல் நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும், மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024ஆம் ஆண்டு செப்டம்பரிலும் நிறுத்தின. அதே 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'அதென்டிகேஷன் மெத்தட்' என்னுமிடத்தில் 'ஓஆத்2' எனத் தேர்ந்தெடுத்தால், அந்நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். அங்கு ஒருமுறை இசைவளித்தால் கடிதங்கள் மீண்டும் வரத் தொடங்கும்.

அதன் பின்னும் காணவில்லையெனில், கடிதம் வேறு கோப்புறைக்குப் போயிருக்கலாம். குப்பைக் கடிதங்களுக்குரிய 'ஜங்க்' அல்லது 'ஸ்பாம்' கோப்புறையை வாரம் ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். முதன்முறை எழுதும் அலுவலகத்தின் கடிதம் அங்கே சிக்கிக்கொள்வதுண்டு. அங்கு விழும் கடிதத்திற்கு அறிவிப்பு வருமென எதிர்பார்க்க வேண்டாம். சிலர் கடிதங்களை வகைபிரிக்க விதிகளை அமைத்து வைத்திருப்பர். சர்வரிலுள்ள விதி, 'பள்ளி' என்றொரு கோப்புறைக்குக் கடிதத்தை நேரே அனுப்பிவிடும். தண்டர்பேர்டோ இயல்பாக இன்பாக்ஸை மட்டுமே தேடும். அக்கோப்புறையின் பெயர்மீது மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி, 'புராப்பர்ட்டீஸ்' சென்று, புதுக் கடிதம் எடுக்கும்போதெல்லாம் இதனையும் தேடுக என்னும் கட்டத்தில் குறியிட்டால் இக்குறை தீரும்.

நிற்க. கடிதம் தானாக வந்து நிற்கிறது. அறிவிப்பு மட்டும் இல்லை. இதுவே மிகுதியாக நேர்வது. 'செட்டிங்ஸ்' என்பதில் 'ஜெனரல்' பக்கத்தைத் திறந்து சற்றுக் கீழே வந்தால், 'ஷோ அன் அலர்ட்', 'பிளே எ சவுண்ட்' என இரு கட்டங்கள் இருக்கும். முன்னது காட்சி, பின்னது ஒலி. இரண்டிலும் குறி வேண்டும்.

மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. கடிதம் வந்ததை அறிவிக்கும் 'பிஃப்' என்னும் சிறு நிரல், 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. பிஃப் என்பது அங்கு உலவிய நாயொன்றின் பெயர். அஞ்சற்காரரைக் கண்டால் அது குரைக்கும் என்றொரு கதையும் பரவியது. அக்கதை மெய்யன்று என நிரலை எழுதியவரே மறுத்துவிட்டார். ஆயினும் தண்டர்பேர்டின் உள்ளமைப்புப் பெயர்களில் அந்த நாயின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது!

தண்டர்பேர்டில் குறியிட்ட பின்னும் விண்டோஸ் வாயடைத்துவிடலாம். நம் பள்ளிக் கணினி ஒன்று காலையில் ஒழுங்காக அறிவிக்கும். பாடவேளையில் மட்டும் ஊமையாகிவிடும். காரணம் புரொஜெக்டர். கணினித் திரையை அப்படியே சுவரில் காட்டும்போது, விண்டோஸ் 11 'டூ நாட் டிஸ்டர்ப்' என்னும் அமைதி நிலைக்குத் தானே சென்றுவிடும். வகுப்பின் நடுவே சொந்தக் கடிதம் சுவரில் தோன்றுவதைத் தடுக்கும் நல்லெண்ணமே இது. முழுத்திரையில் விளையாடும்போதும் இவ்வாறே நிகழும். மாலை முழுதும் விளையாட்டில் மூழ்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அறிவிப்பு வராததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை! விண்டோஸின் 'செட்டிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', பின்னர் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' எனச் சென்றால், இந்நிலை எவ்வெப்போது தானாக இயங்கலாம் என்பதை நாமே வரையறுக்கலாம். அதே பக்கத்தில் மென்பொருள்களின் பட்டியலும் உண்டு. தண்டர்பேர்டுக்கு எதிரே உள்ள விசை அணைந்திருந்தால் அதனையும் திறந்துவிடுக. விண்டோஸ் குறியுள்ள விசையையும் 'என்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், அமைதி நிலையின்போது ஒதுக்கி வைக்கப்பட்ட அறிவிப்புகளைப் பார்க்கலாம்.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சோதனைக் கடிதத்தை மீண்டும் அனுப்பிப் பாருங்கள். மூன்று நான்கை ஒருங்கே மாற்றினால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. அடுத்த முறை தொடக்கத்திலிருந்தே தேட நேரிடும். தண்டர்பேர்டை மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டால் அது கடிதம் தேடுவதையே நிறுத்திவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. சிறு கோட்டுக் குறியை அழுத்திக் கீழே இறக்கி வைத்தால் போதும். மடிக்கணினி வைத்திருக்கும் பெற்றோர், தாமே செய்ய இயலாவிடில், பள்ளி முடிந்தபின் கணினி அறைக்குக் கொண்டு வரலாம். கைப்பேசியையும் உடன் கொணர்க. உள்நுழையும்போது உறுதிப்படுத்தும் எண் பெரும்பாலும் அதற்கே வரும்.