இணையக் கடைக்கும் ஒரு 'இல்லை' நோட்டு

பழைய மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கும். வாடிக்கையாளர் கேட்டு, நம்மிடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய சரக்குகளை அதில் குறித்து வைப்பார்கள். மறுநாள் கொள்முதலுக்குப் புறப்படும்போது பையில் முதலில் போவது அந்த நோட்டுதான். விற்ற சரக்கின் கணக்கு பில் புத்தகத்தில் இருக்கிறது. விற்காமல் போனதன் கணக்கு வேறெங்கும் கிடையாது.

நம் உறுப்பினர்களில் பலர் இன்று சொந்தமாக இணையதளம் வைத்து வியாபாரம் செய்கிறார்கள். அந்தக் கடைக்கும் இதே போல ஒரு நோட்டு உண்டு என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

விருதுநகரில் எனக்கு நெருக்கமான அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வற்றல், மல்லி, பருப்பு வகைகளில் மொத்த வியாபாரம். மகனின் வற்புறுத்தலால் சில்லறைக்கென்று ஒரு தளம் தொடங்கினார். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் மாதாமாதம் ஒரு தாளைக் கொண்டு வந்து நீட்டுவார். "அண்ணாச்சி, இந்த மாசம் நாற்பதாயிரம் ஹிட்ஸ்!" என்பார். கூடவே அடுத்த மாத விளம்பரத்துக்குப் பணமும் கேட்பார். ஆர்டரோ விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நாற்பதாயிரம் பேர் ஏறி இறங்குனா வாசப்படி தேஞ்சிருக்குமேய்யா?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். தளத்தையே மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 'ஹிட்' என்பது ஆள் கணக்கு அல்ல. ஒரு பக்கத்தில் முப்பது சரக்குப் படங்கள் இருந்தால், ஒருவர் அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்ததற்கே பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்கு முப்பது என்று முப்பத்தொரு ஹிட் விழும். தேடு இயந்திரங்கள் அனுப்பும் 'பாட்' என்னும் நிரல்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போவதும் இதில் சேரும். இந்தக் கணக்கைக் காட்டி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தடவை வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் சரக்கைக் கூடையில் போட்டார்கள் என்று கேளுங்கள்.

இதைப் பார்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005-ல் வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் அதன் மென்பொருளை 'கூகுள் அனலிட்டிக்ஸ்' என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. இன்று இருப்பது அதன் நான்காம் பதிப்பு. தேடலில் நம் கடை எப்படித் தென்படுகிறது என்று காட்டும் 'சர்ச் கன்சோல்' தனி, அதுவும் இலவசமே. இந்த இரண்டும் போதும். நம்மைப் போன்ற கடைக்காரருக்கு இதற்கு மேல் காசு கொடுத்து வாங்கும் கருவி தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணாச்சியின் கணக்கைத் திறந்து உட்கார்ந்தோம். முதலில், வந்தவர் எங்கிருந்து வந்தார்? 'நேரடி வருகை' என்ற இனத்தில்தான் கூட்டம் அதிகம் தெரிந்தது. தளத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு இத்தனை பேர் வருகிறார்களே என்று அண்ணாச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. விஷயம் அதுவல்ல. வாட்ஸ்ஆப்பில் நாம் அனுப்பும் இணைப்பைத் தொட்டு வருகிறவர்களில் பலரும் இந்த இனத்தில்தான் விழுவார்கள். எந்த வழியாக வந்தார் என்ற தடயம் கூடவே வராததுதான் காரணம். இணைப்பின் முடிவில் 'யு.டி.எம்.' என்ற குறிச்சொல்லைச் சேர்த்து அனுப்பினால் பிரித்துப் பார்க்கலாம். (அந்த 'யு' பழைய அர்ச்சினின் முதல் எழுத்து.) வாட்ஸ்ஆப்புக்கு ஒன்று, பில்லில் அச்சிடும் கியூ.ஆர். கட்டத்துக்கு ஒன்று, நோட்டீசுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் எந்தச் செலவு ஆளைக் கொண்டு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, என்ன கேட்டு வந்தார்? இதைத்தான் நான் 'இல்லை' நோட்டு என்கிறேன். மக்கள் கூகுளில் எந்தச் சொல்லை அடித்தபோது நம் கடை கண்ணில் பட்டது, பட்டும் எத்தனை பேர் தொடாமல் போனார்கள் என்பது சர்ச் கன்சோலில் வரிசையாக இருக்கும். அண்ணாச்சி தன் தளத்தில் 'வற்றல் முதல் ரகம்', 'இரண்டாம் ரகம்' என்று மண்டியில் பேசுவது போலவே எழுதி வைத்திருந்தார். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. முண்டு மிளகாய், குண்டு மிளகாய், சாம்பாருக்கு மிளகாய் என்று, அதுவும் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடியிருந்தார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அண்ணாச்சியிடம் அதே சரக்கு மூட்டை மூட்டையாக இருந்தது; தளத்தில் அந்தப் பெயர்தான் இல்லை. தளத்துக்குள்ளேயே தேடும் கட்டம் இருந்தால், அங்கே அடிக்கும் சொற்களையும் அனலிட்டிக்ஸில் பார்க்கலாம். அதையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எந்த இடத்தில் திரும்பிப் போனார்? கூடையில் போட்டவர்களில் பெரும்பகுதி பணம் கட்டும் பக்கத்தில் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், கூரியர் செலவு அங்கேதான் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. வற்றலில் ஒரு சிக்கல் உண்டு. எடை குறைவு, இடம் அதிகம். கூரியர்காரர் நிஜ எடையையும் பெட்டியின் கொள்ளளவுக்கு வரும் எடையையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம் போடுவார். ஒரு கிலோ வற்றலுக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே கட்டணம் விழுந்துவிடும். வாங்க வந்தவருக்குக் கடைசிப் படியில் அதிர்ச்சி.

அண்ணாச்சி கூரியர் செலவைச் சரக்கின் விலைக்குக் கீழேயே எழுதினார். வற்றலோடு பருப்பும் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பும் பொட்டலம் ஒன்றும் போட்டார். பருப்பு இடத்தை அடைக்காத சரக்கு. இரண்டையும் தனித்தனியே அனுப்புவதைவிட ஒரே பெட்டியில் கட்டணம் குறைகிறது. இந்த யோசனையை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. கணக்கு காட்டியது ஆள் நின்ற இடத்தை மட்டும்தான். மற்றது ஐம்பது வருட மண்டி அனுபவம்.

ஆர்டர் கூடியது. ஆனால் எல்லாம் இந்த மாற்றத்தால்தான் என்று நான் எழுத மாட்டேன். அது பங்குனி மாதம், புது வற்றல் வரத்து நேரம். வருடச் சாமான் வாங்குகிறவர்கள் எப்படியும் கேட்டிருப்பார்கள். நம் தொழிலில் போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிடுவது வீண். போன பங்குனியோடு இந்தப் பங்குனியை, போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை வைத்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு அறுபது பேர் வரும் தளத்தில் மூன்று ஆர்டர் ஐந்தானதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஊர்க் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அருப்புக்கோட்டையில் செல்போனில் பார்க்கிறவரைச் சென்னைக்காரராகக் காட்டும்.

போன பங்குனியோடு ஒப்பிடலாம் என்று தேடியபோதுதான் அண்ணாச்சிக்கு இன்னொன்று தெரிய வந்தது. பழைய கணக்கு முழுவதும் தளம் அமைத்தவரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தது. அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டுப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் மகன் நான்கு மாதங்களுக்கு முன் தனியாகத் தொடங்கியிருந்த கணக்கைத்தான். அதற்கு முந்தைய மூன்று வருடம் போனது போனதுதான். கூகுளும் தன் பழைய பதிப்பை 2023 ஜூலையில் நிறுத்தி, 2024 ஜூலையிலிருந்து அதிலிருந்த கணக்குகளை அழித்துவிட்டது. சர்ச் கன்சோல் பதினாறு மாதக் கணக்குக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆகவே அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டிலும் நிர்வாகி என்ற இடத்தில் கடை முதலாளியின் மின்னஞ்சல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும் அன்று அந்த மாதக் கணக்கையும் இறக்கி, கடைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.