ஓர் அணுவின் வழியே ஓடும் மின்சாரம்

இஸ்திரிப் பெட்டி சூடாவதும் பல்பு எரிவதும் ஒரே காரணத்தால்தான். கம்பிக்குள் ஓடும் எலெக்ட்ரான்கள் வழியெல்லாம் முட்டி மோதி, தம் சக்தியை வெப்பமாகக் கொட்டிவிடுகின்றன. 1911-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர வைத்தார். மின்தடை அடியோடு மறைந்துபோயிற்று! இவ்வகைப் பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துகொள்கின்றன என்று 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூன்று அமெரிக்கர்கள் விளக்கினார்கள்.

சரி, அந்தக் கம்பியை ஒரே ஓர் அணு அளவுக்கு மெலிய வைத்தால் என்ன ஆகும்?

மெலிய வைக்கும் விதமே வேடிக்கையானது. வளையக்கூடிய தகடு ஒன்றின்மேல் நடுவில் இடுப்பு ஒடுங்கிய நுண்ணிய கம்பியைப் பதிக்கிறார்கள். தகட்டின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரு தண்டால் மெல்ல நெம்புகிறார்கள். தகடு வளைய, கம்பி இழுபடுகிறது. தண்டு நகரும் தூரத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கம்பி விலகும். ஆகவே அறுந்துபோகும் தருணத்தில், இரு முனைகளையும் ஓர் அணு மட்டும் இணைத்து நிற்கும்படி நிறுத்திவிட முடிகிறது.

அந்த அணுவுக்குள் மின்சாரம் செல்லச் சில 'வாசல்கள்' உண்டு. முழுவதும் திறந்த வாசல் ஒன்றின் மின்தடை சுமார் 12,900 ஓம். ஆனால் சாதாரண முறையில் அளந்தால் மொத்தக் கணக்குத்தான் கிடைக்கும். ஸ்டேஷனிலிருந்து எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று தெரியும். எத்தனை கேட் திறந்திருந்தது, எந்தக் கேட் எவ்வளவு அகலம் என்பது தெரியாது. இங்கேதான் மீக்கடத்தி கைகொடுக்கிறது.

மீக்கடத்திக்குள் ஜோடியாகத்தான் அனுமதி. தனியாக வரும் எலெக்ட்ரான் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. அது விட்டுச் சென்ற காலி இடம் வந்த வழியே திரும்புகிறது. வரிசையில் ஒருவர் முன்னால் நகர்ந்தால் காலி இடம் பின்னால் போவதைப்போல. 1964-ல் சோவியத் விஞ்ஞானி ஆந்திரேயெவ் இதைச் சொன்னார். இரு பக்கமும் மீக்கடத்தியாக இருந்தால் இந்தப் போக்குவரத்து பலமுறை நடக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சேரும். அலுமினியத்தில் 0.36 மில்லிவோல்ட் கொடுத்தால் ஒரே தாண்டலில் காரியம் முடிந்துவிடும். அதில் பாதி கொடுத்தால் இரண்டு தாண்டல் தேவை, 0.12 என்றால் மூன்று. பாதி திறந்த வாசலை ஒருமுறை தாண்ட அரை வாய்ப்பு, இருமுறைக்குக் கால், மும்முறைக்கு ஏறக்குறைய அரைக்கால். ஆகவே வோல்டேஜை மாற்றி மாற்றி மின்சாரத்தை அளந்தால், அந்த வரைகோட்டின் ஏற்ற இறக்கமே ஒவ்வொரு வாசலின் அகலத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

1997-ல் பிரான்ஸில் சாக்லே ஆய்வகத்தில் அலுமினிய அணுவை இப்படித்தான் சோதித்தார்கள். மறு ஆண்டு பிரான்ஸ், ஹாலந்து, ஸ்பெயின் விஞ்ஞானிகள் சேர்ந்து வெளியிட்ட கணக்கு: தங்க அணுவுக்கு ஒரு வாசல், அலுமினியத்துக்கும் ஈயத்துக்கும் மூன்று, நையோபியத்துக்கு ஐந்து. அணுவின் வெளிச்சுற்றில் உள்ள எலெக்ட்ரான்களின் அமைப்புத்தான் இதைத் தீர்மானிக்கிறது. தங்கம் தானாக மீக்கடத்தி ஆவதில்லை. அலுமினியத்தோடு ஒட்டவைத்து அந்தக் குணத்தை இரவல் வாங்க வைத்தார்கள். விலையில் உயர்ந்த தங்கம் வாசல் கணக்கில் ஈயத்திடம் தோற்றுப்போனது!

1997 சோதனையில் பங்கேற்றவர்களில் ஒருவரான மிஷெல் தெவொரே, அதற்கு முன் 1980-களில் கலிபோர்னியாவில் மீக்கடத்திச் சுற்றுகளில் செய்த வேறொரு சோதனைக்காக, இருவரோடு சேர்ந்து 2025-ல் நோபல் பரிசு பெற்றார். சாக்லேயில் இருந்தவர்கள் அணு இணைப்பை விடவில்லை. 2015-ல் அதே அலுமினிய இணைப்பை, குவாண்டம் கம்ப்யூட்டருக்கு வேண்டிய இருநிலை உறுப்பாக மைக்ரோ அலைகளால் ஆட்டிவைத்துக் காட்டினார்கள். ஆட்டிவைத்த நிலை மைக்ரோ வினாடிக் கணக்கில்தான் தாக்குப்பிடித்தது.