வயலிற் பாம்பு கடித்தால்: மூச்சைக் காக்கும் முதலுதவி

பெரும்போக நெல் முற்றி அரிவுவெட்டுத் தொடங்குங் காலத்தில் எலிகள் வயலை நாடி வருதலும், எலிகளைத் தேடிப் பாம்புகள் வருதலும் கமக்காரர் யாவரும் அறிந்தவையே. பாம்பு கடித்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் இன்று பெரும்பாலோர் அறிவர். ஆனால், கடித்த இடத்திலிருந்து வைத்தியசாலை வாயில் வரையுள்ள அந்தச் சிறு பொழுதிற் செய்ய வேண்டியது யாது என்பதை அறிந்தோர் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கடமையாற்றிய பகுதியில் இளங் கமக்காரர் ஒருவர் காவற் கொட்டிலில் நிலத்திற் பாய் விரித்து உறங்கினார். விடியற்புறத்தில் வயிற்று நோவுடன் எழுந்தார். உடலிற் காயம் எதுவுந் தெரியாமையால் வீட்டார் இஞ்சி அவித்துக் கொடுத்தனர். பின்னர் கண்ணிமைகள் சரிந்தன, பேச்சுக் குழறியது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் செல்லும் வழியில் மூச்சு நின்றது. இறந்துவிட்டார் என எண்ணி உடன் சென்றோர் திரும்பிவிட்டனர். வைத்தியசாலைக்கு அப்போது இருந்த தூரம் மூன்று கிலோமீற்றர் மாத்திரமே.

அவரைக் கடித்தது கட்டுவிரியனாக இருத்தல் கூடும். இப்பாம்பு இரவில் நடமாடுவது. நிலத்தில் உறங்குவோரையே பெரிதுங் கடிப்பது. கடிவாயில் நோவும் வீக்கமும் இல்லாதிருத்தலே இதன் வஞ்சகம். நாகத்தின் நஞ்சைப் போல இதன் நஞ்சும் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கின்றது. முதலிற் கண்ணிமை, பின்னர் நாக்கு, தொண்டை, ஈற்றில் மார்பின் தசைகள் என ஒவ்வொன்றாகச் சோர்கின்றன. மூச்சு நின்ற பின்னரும் இருதயம் சில நிமிடங்கள் துடித்துக்கொண்டிருக்கும். கண்ணையும் விரலையும் அசைக்க இயலாது பிணம் போற் கிடப்பவர், சுற்றி நின்று அழுவோரின் குரலைக் கேட்டுக்கொண்டிருத்தலுங் கூடும். அவருக்காக மற்றொருவர் மூச்சை ஊதிக்கொண்டே வைத்தியசாலை சேர்ப்பாராயின், அங்கே செயற்கைச் சுவாசப் பொறியின் உதவியாற் சில நாட்களில் தசைகள் மீண்டும் இயங்கி, அவர் முழு நலத்துடன் வீடு திரும்ப இடமுண்டு.

கண்ணாடி விரியன் எனப்படும் புடையனின் நஞ்சு வேறு வகையானது. இதன் கடி கடும் நோவுடன் வீங்கும், குருதி உறையுந் தன்மையை இழக்கும், சிறுநீரகங் கெடும். நம் நாட்டுப் புடையனின் நஞ்சினால் இமை சரிதலும் உண்டு. குருதி உறையாத நிலையிற் கடிவாயைக் கத்தியாற் கீறுவது எத்துணைத் தீங்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாயால் உறிஞ்சுதல், விஷக்கல் வைத்தல், சுடுதல் ஆகியன யாவும் நேரத்தை வீணாக்குவனவே. கயிற்றால் இறுகக் கட்டுதலும் ஆகாது. குருதியோட்டந் தடைப்பட்டு உறுப்பு அழுகும். எனினும் யாரேனும் முன்னரே இறுகக் கட்டியிருப்பின், அதனை வழியிற் சட்டென அவிழ்த்துவிடாது வைத்தியரிடமே விடுதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியன. கடிபட்டவரைப் பாம்பிருக்கும் இடத்திலிருந்து அகற்றி, ஆறுதல் கூறிப் படுக்கவைக்குக. அவரை நடக்கவிடலாகாது, தசை அசையுந்தோறும் நஞ்சு விரைந்து பரவும். மோதிரம், காப்பு, சலங்கை முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. பனைமட்டையையோ நேரான தடியையோ காலோடு சேர்த்துச் சாரத் துணியால் இலேசாகக் கட்டினாற் கால் அசையாதிருக்கும். நோவுக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. அது குருதிக் கசிவை மிகுவிக்கும். கள், சாராயம் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்று இரண்டாவது ஆளும் கடிபட்ட கதைகள் பல. எட்ட நின்று கைத்தொலைபேசியிற் படம் எடுக்க முடிந்தால் அதுவே வைத்தியருக்குப் போதும்.

இதற்கிடையில் ஒருவர் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தல் வேண்டும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. வண்டி வரச் சுணங்குமெனின் கிடைத்த வாகனத்திற் புறப்படுக. நினைவு தளர்ந்து, மூச்சு மாத்திரம் ஓடுவோரை இடப்பக்கஞ் சரித்துப் படுக்கவைத்தால் எச்சிலும் வாந்தியும் மூச்சுக்குழலை அடைக்கமாட்டா.

மூச்சு நின்றுவிட்டால் மல்லாக்கக் கிடத்தி, நெற்றியைப் பின்னே சாய்த்து நாடியை உயர்த்துக. சோர்ந்த நாக்குத் தொண்டையை அடைத்திருப்பின் இதனால் வழி திறக்கும். வாயில் வெற்றிலையோ வாந்தியோ இருந்தால் அகற்றுக. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் பொருத்தி, மார்பு உயருமளவுக்கு ஒரு விநாடி ஊதுக. கழுத்தில் நாடித்துடிப்புத் தெளிவாகத் தெரியின், ஆறு விநாடிக்கு ஒரு முறை ஊதினாற் போதும். துடிப்பைத் தேடிப் பத்து விநாடிக்கு மேற் கழித்தலாகாது. துடிப்பு இல்லையெனினும், ஐயமாயினும், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊன்றி ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 30 முறை அழுத்தி, இரு முறை ஊதுக. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இவ்வேலை இரண்டு நிமிடத்திற் கையைச் சோரச் செய்யும். ஆகையால் ஆள் மாறி ஆள் செய்க. வைத்தியசாலைப் பணியாளர் பொறுப்பேற்கும்வரை நிறுத்தலாகாது.

இதனைத் தாளில் வாசித்தோர் தக்க தருணத்தில் தடுமாறுவர் என்பதையும் கூறியே ஆகவேண்டும். நெஞ்சை எவ்வளவு வலுவுடன் அழுத்த வேண்டும் என்பது பயிற்சிப் பொம்மையின் மீது ஒரு முறை அழுத்திப் பார்த்தாலன்றி விளங்காது. நானும் என் முதற் பயிற்சியில் அஞ்சி அஞ்சி, பாதி ஆழமே அழுத்தினேன். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. போகத் தொடக்கத்திற் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைநெல்லையும் நீர்ப்பங்கீட்டையும் பற்றிப் பேசும்போது, இப்பயிற்சிக்கு ஒரு நாளையும் குறித்துக்கொள்ளலாம். காவற் கொட்டிலில் உறங்குவோர் இருவர், மூவரேனும் அதற்குச் செல்லல் வேண்டும். அவர்கள் நிலத்திற் படுக்காது கட்டிலில், நுளம்புவலையின் ஓரங்களைப் பாயின் கீழ்ச் செருகி உறங்குதலும் நன்று.