சிறைக்கு வெளியே – 9: விட்டுப்போன படங்கள்

1990 பிப்ரவரி 11. விக்டர் வெர்ஸ்டர் சிறை வாசலை விட்டு நெல்சன் மண்டேலா நடந்து வருகிறார். எங்கு பார்த்தாலும் கூட்டம், கேமராக்கள். தொலைக்காட்சிக்காரர் ஒருவர் நீளமாக, கறுப்பாக, மேலெல்லாம் ரோமம் அடர்ந்த ஏதோ ஒன்றை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். மண்டேலா சட்டென்று பின்வாங்குகிறார். தான் உள்ளே இருந்த காலத்தில் கண்டுபிடித்த புதுவகை ஆயுதமோ என்று அப்போது தோன்றியதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அது மைக் என்று பக்கத்தில் வந்த மனைவி வின்னிதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? 1962 ஆகஸ்டில் அவர் பிடிபட்டபோது தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே கிடையாது. அதைக் கண்டு அஞ்சிய வெள்ளை அரசு வருடக்கணக்கில் தள்ளிப்போட்டு, 1976 ஜனவரியில்தான் உள்ளே விட்டது. 1961இல் தலைமறைவாக இருந்த மண்டேலாவை பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பிரையன் விட்லேக் ரகசியமாகப் பேட்டி எடுத்தார். அந்தப் பேட்டியைச் சொந்த நாட்டு மக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வழியே இருக்கவில்லை. சிறைக்குப் போன பிறகோ, அவருடைய படத்தையும் பேச்சையும் வெளியிடக் கூடாதென்று தடை. 27 ஆண்டுகள் அவர் உலகத்தைப் பார்க்கவில்லை. உலகமும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நெடுங்காலம் உள்ளே இருந்துவிட்டு வருகிறவரிடம் வீட்டார் ஆசையாகச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. “நீங்க பார்க்காத நல்ல படம் எத்தனையோ இருக்கு” என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து பார்த்துவிட்டால் போன வருடங்கள் கொஞ்சமாவது திரும்பும் என்று ஒரு நம்பிக்கை. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் படம் என்பது படச்சுருள் மட்டுமா? எந்தக் கொட்டகை, பக்கத்தில் யார், வெளியே வந்து தேநீர் குடித்துக்கொண்டே யாரோடு சண்டை போட்டோம், எல்லாம் சேர்ந்ததுதானே?

ஜோஹன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் ஓடின் என்றொரு சினிமாக் கொட்டகை இருந்தது. கறுப்பின மக்கள் படம் பார்த்த இடம். அரசியல் கூட்டங்களும் அங்கேதான். 1953இல் சோஃபியாடவுனைக் காலி செய்யும் திட்டத்தை எதிர்த்து நடந்த கூட்டத்துக்கு மண்டேலாவும் போயிருந்தார். 1955இல் அந்தப் பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். மக்கள் லாரிகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஓடினும் மிஞ்சவில்லை. அந்த மண்ணில் வெள்ளையர் குடியிருப்பு ஒன்றைக் கட்டி அதற்கு ‘வெற்றி’ என்று பொருள்படும் ‘ட்ரயோம்ஃப்’ என்ற பெயரும் சூட்டினார்கள். பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. விட்டுப்போன படத்தை எப்படியோ தேடிப் பிடித்துவிடலாம். அதைப் பார்த்திருக்க வேண்டிய கொட்டகையையும் தெருவையும் எங்கே போய்த் தேடுவது?

மண்டேலா பல வருடம் அடைபட்டிருந்த ராபன் தீவுச் சிறையில் செய்தித்தாளுக்காக நெடுங்காலம் நடந்த போராட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். சினிமா அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. முதலில் காட்டியவை மண்டேலா பிறந்த காலத்தை ஒட்டிய ஊமைப் படங்கள். அவற்றில் ஒன்றான, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘தி மார்க் ஆஃப் ஸோரோ’ 1920இல் வந்தது. பிறகு பேசும் படங்கள்: ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’, ‘தி கிங் அண்ட் ஐ’. இரண்டும் 1956இல் வெளியானவை. அந்த வருடம் டிசம்பரில்தான் மண்டேலாவைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்திலேயே அவர் காலம் கழிந்தது.

‘கிளியோபாட்ரா’வும் வந்தது. எகிப்திய ராணியாக எலிசபெத் டெய்லர். ஆப்பிரிக்க ராணிக்கு அமெரிக்க வெள்ளை நடிகையா என்று கைதிகள் சிலர் கொதித்தார்கள். தான் எகிப்துக்குப் போயிருந்தபோது கருநிறத்தில் இளம் கிளியோபாட்ராவின் சிலையைப் பார்த்ததாக மண்டேலா சொன்னார். பகலெல்லாம் சுண்ணாம்புக் குவாரியில் உழைத்த மனிதர்கள் ஒரு ராணியின் நிறத்துக்காக இப்படி வாதாடியிருக்கிறார்கள். படத்தைவிட அந்த வாதம்தான் அவர்களுக்கு உணவாக இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பின்னாளில் ஆவணப்படங்களைக் கைதிகளே தேர்ந்தெடுத்து வரவழைக்க முடிந்தது. அப்படி வந்ததில் ஒன்று, ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றியது. கும்பல்காரர்கள் முரடர்கள், போலீஸார் உத்தமர்கள் என்கிற தொனியில் எடுத்த படம். பார்த்து முடித்ததும் ஏறக்குறைய எல்லோரும் அந்த முரடர்களைத் திட்டினார்கள்.

அப்போது எழுந்தவர் ஸ்ட்ரினி மூட்லி. டர்பன்காரர், நம்மவர் என்பது பெயரிலேயே தெரிகிறது. நாடகக் கலைஞர், கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோவின் தோழர். கறுப்பின மாணவர் இயக்க வழக்கில் தண்டனை பெற்று, 1976 சோவெட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு தீவுக்கு வந்த தலைமுறை. அந்த வழக்கில் பீகோவே வந்து சாட்சி சொல்லியிருந்தார். மூட்லி பெரியவர்களை நேருக்கு நேர் கேட்டார்: சோவெட்டோவில் அதிகாரத்தை எதிர்த்த பிள்ளைகளைப் போலத்தானே இவர்களும்? நீங்களோ வசதியான நடுத்தர வர்க்கத்து வயோதிகர்களைப் போல போலீஸ் பக்கம் நிற்கிறீர்கள்!

கூடம் அமளிப்பட்டது. ஆளுக்கு ஆள் எழுந்து மூட்லியை மறுத்தார்கள். மண்டேலாவுக்கும் அந்தக் கும்பலின் மேல் பிரியமில்லை. ஆனாலும் மூட்லிக்காகப் பேசினார். அவரைக் கவலைப்படுத்தியது மோட்டார் சைக்கிள் அல்ல. சிறைக்கு வந்து 18 வருடம் ஆகப்போகிறது, நாம் விட்டுவந்த உலகம் இப்போது இல்லை, நம் எண்ணங்கள் அப்படியே உறைந்து போயினவோ என்பதுதான். எத்தனையோ பேருடைய சிறை நினைவுகளைப் படித்திருக்கிறேன். ஒரு சினிமாவை வைத்துத் தன் மனத்தை இவ்வளவு நேர்மையாகச் சோதித்துக்கொண்ட இடத்தை வேறெங்கும் கண்டதில்லை.

வெளியே இருந்தவர்கள் மட்டும் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டார்களா? பீகோ 1977இல் போலீஸ் காவலில் இறந்தார். அவரைப் பற்றி ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த ‘க்ரை ஃப்ரீடம்’, தணிக்கைக் குழு அனுமதித்து, 1988 ஜூலையில் தென்னாப்பிரிக்கக் கொட்டகைகளுக்கு வந்தது. வந்த அன்றே போலீஸ் புகுந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது. சிறைச்சாலைச் சுவர் அந்த நாட்டில் தீவோடு முடிந்துவிடவில்லை.

அதில் பீகோவாக நடித்தவர் டென்ஸல் வாஷிங்டன். சில வருடத்தில் அவரே, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸைப் பற்றி ஸ்பைக் லீ எடுத்த ‘மால்கம் எக்ஸ்’ (1992) படத்தின் நாயகன். அதன் கடைசிக் காட்சியில் சோவெட்டோ வகுப்பறையில் ஓர் ஆசிரியர் நின்று மால்கமின் உரையைச் சொல்கிறார். அந்த ஆசிரியர் மண்டேலா. விடுதலையாகி இரண்டு வருடம்கூட முழுதாக ஆகியிருக்காது. உரையின் முடிவில், ‘தேவைப்படும் எந்த வழியிலேனும்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்கள் வர வேண்டும். அவற்றைச் சொல்ல மாட்டேன் என்றார் மண்டேலா. அப்போது அரசோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு துண்டை வெட்டி எடுத்து, இதோ வன்முறைக்கு அழைக்கிறார் என்று நாடெங்கும் காட்டிவிடுவார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். மைக்கைப் பார்த்துப் பின்வாங்கிய அதே மனிதர்தான். ஸ்பைக் லீயும் வற்புறுத்தவில்லை. மண்டேலா நிறுத்திய இடத்தில் மால்கமின் பழைய படத்துண்டை ஒட்டினார். 1965இல் கொல்லப்பட்ட மால்கமே திரையில் வந்து அந்த நான்கு சொற்களையும் சொல்கிறார்.

(தொடரும்)