மழை வந்தால் திரும்பி வரும் சேவல் சளி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நமது லயங்களில் தகரத்தில் விழும் மழைச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்கும். கோழிக்கூட்டுக்குள் இருந்து வரும் "கொர் கொர்" என்ற இழுப்புதான் அது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "ஐயா, சாவலுக்குத் திரும்பவும் சளி வந்திருச்சு. போன வருசமும் இதே மழையிலதான் வந்துச்சு. மருந்து குடுத்தா நிக்கிது, மழை வந்தா வந்துருது."

அந்தச் சேவல் மாடசாமிக்கு நேர்ந்துவிட்டது. விற்கவும் ஏலாது, நேரத்துக்கு முன்னே அறுக்கவும் ஏலாது. இந்த முறை அதோடு கூட்டில் இருந்த ஐந்து பெட்டைக் கோழிகளில் மூன்று முட்டை இடுவதை நிறுத்திவிட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது ரொட்டியோடு கிடைத்து வந்த முட்டை நின்றுபோனது. ஆகவே இது ஒரு சேவலின் சளி என்று விட்டுவிடுகிற காரியம் அல்ல.

இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? மூக்கு ஒழுகி, கண்ணில் நுரை தள்ளி, கண்ணுக்குக் கீழே வீங்கி, இரவில் இழுப்புச் சத்தம் கேட்டு, கோழி சாகாமல் மெலிந்துகொண்டே போனால், அது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாட்பட்ட மூச்சு நோய். கோழி தேறினாலும் இந்தக் கிருமி அதன் உடம்பை விட்டுப் போவதில்லை. ஆயுள் முழுவதும் ஒளிந்திருக்கும். குளிர், நனைதல், தீனிக் குறைவு, வேறு சேவலோடு சண்டை, இப்படி உடம்பு தளரும்போது மேலே எழும்பும். அந்த அம்மா சொன்னது சரிதான். நோய் வெளியிலிருந்து புதிதாக வரவில்லை. சேவலுக்குள்ளேயே இருந்தது.

மருந்து விசயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பிள்ளைக்குக் கொடுத்த அமொக்சிசிலின் கெப்சூலில் மிச்சத்தை உடைத்துச் சோற்றில் கலந்து கோழிக்குப் போடுகிறார்கள். பென்சிலின் இனத்து மருந்துகள் கிருமியின் வெளிச்சுவரை உடைத்துத்தான் அதைக் கொல்லும். மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே கிடையாது. உடைக்கச் சுவர் இல்லாத இடத்தில் அந்த மருந்து என்ன செய்யும்? கோழி இரண்டு நாளில் தேறியது போல் தெரிந்தால், அது தானாகத் தேறியதுதான். பிள்ளையின் மருந்து குறைந்ததுதான் மிச்சம்.

டைலோசின், டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் இதற்குக் கேட்கும். ஆனால் அளவையும் எத்தனை நாள் என்பதையும் அரச மிருக வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இழுப்பு நின்றதும் பாதியில் விடக்கூடாது. மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதற்குப் பிறகு வைத்தியர் சொல்லும் நாட்கள் வரையிலும் முட்டையையோ இறைச்சியையோ சாப்பிடக்கூடாது. இந்த மருந்துகளும் நோயை அடக்குமே தவிர, கிருமியை வேரோடு பிடுங்காது.

சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு கொடுப்பதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். கோழி கொஞ்சம் தீனி எடுக்கும், கெடுதல் இல்லை. தொண்டையில் மண்ணெண்ணெய் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நுரையீரலில் இறங்கினால் கோழி சளியால் சாகாது, எண்ணெயால் சாகும்.

மருந்தை விடக் கூடுதான் முக்கியம் என்பது எங்கள் அனுபவம். குளிருக்குப் பயந்து பலகைப் பெட்டியை உரச்சாக்காலும் பொலித்தீனாலும் நான்கு பக்கமும் மூடிவிடுகிறோம். உள்ளே எச்சம் ஈரத்தோடு கிடந்து ஒரு காரமான வாடை எழும்புகிறது. காலையில் கதவைத் திறக்கும்போது நமது கண்ணே எரிகிறது அல்லவா? அது அமோனியா வாடை. இரவு முழுக்க அதை மூச்சில் இழுக்கும் கோழிக்கு மூச்சுக்குழாய் புண்ணாகிறது. கிருமிக்கு அது வசதி. காற்று அடிக்கும் கீழ்ப்பக்கத்தை மூடுங்கள், கூரைக்கு அடியில் ஒரு சாண் வலை அடித்துத் திறந்துவிடுங்கள். கூட்டை நிலத்திலிருந்து இரண்டு அடி உயர்த்தி, தட்டை இடைவெளி விட்ட பலகையால் செய்தால் எச்சம் கீழே விழும். கீழே அடுப்புச் சாம்பலைத் தூவி வாரத்துக்கு இரண்டு தரம் அள்ளுங்கள். அள்ளியது மரக்கறிப் பாத்திக்கு உதவும்.

நோய்க்காரச் சேவலைத் தனிக்கூட்டில் வையுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனி. தீனி போடும்போது சுகமான கோழிகளுக்கு முதலில், சேவலுக்குக் கடைசியில். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தக் கிருமி மனிதரைப் பிடிக்காது. ஆனால் நமது கையிலும் உடுப்பிலும் ஏறி அடுத்த காம்பராவின் கூட்டுக்குப் போகும். இன்னொன்று, இந்தக் கூட்டு முட்டைகளை அடைகாக்க வைக்காதீர்கள். கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். சந்தையில் வாங்கும் புதுக் கோழியை மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

எல்லா இழுப்பும் இந்த நோய் என்று இருந்துவிடவும் கூடாது. முகம் ஊதிக் கெட்ட நாற்றம் அடித்தால் அது வேறு கிருமி. கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, லயத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது ரணிக்கெட்டாக இருக்கலாம். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்ட நோய் இது. வட இந்தியாவில் ராணிகெட் என்ற மலை ஊரில் கண்டதால் நம் பக்கத்தில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. வந்த பிறகு மருந்து இல்லை, முன்னரே தடுப்பு மருந்து போடவேண்டும். அதுவும் சுகமாக இருக்கும் கோழிக்குத்தான். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து இருக்கும், கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஒரு காம்பரா மட்டும் போனால் பயனில்லை. லயம் முழுவதும் ஒரு நாளைப் பேசிவைத்து மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவிப்பதே நல்லது. பல கோழிகள் திடீரென்று செத்தால் தொடாமல், சமைக்காமல், ஓடையில் வீசாமல் உடனே அறிவியுங்கள்.

இனி நேர்த்திக்கடன். சாமி காரியத்தில் நாங்கள் தலையிட வரவில்லை. இருந்தாலும் வருடக்கணக்காக நோய் சுமக்கும் சேவலை மற்றக் கோழிகளோடு வைத்திருப்பது அந்தச் சேவலுக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல என்பதே எங்கள் எண்ணம். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முதலில் கோபித்தார். பிறகு பூசாரியிடம் போய்க் கேட்டார். "நேர்ந்தது மனசு, சேவல மாத்திக்கலாம். பழசத் தனியா வச்சுச் சோறு போடு" என்றாராம் பூசாரி. இப்போது கூட்டுக்குப் பின்பக்கம், வாழைக்கு அருகில் சின்னதாக ஒரு தனிக்கூடு இருக்கிறது. பெட்டைக் கோழிகளில் இரண்டு திரும்பவும் முட்டை இடுகின்றன. மூன்றாவது இன்னும் இல்லை. பழைய சேவல் மழை நாளில் இழுக்கிறது, வெயில் நாளில் விடியுமுன் பிரட்டுக்குக் கூப்பிடுவது போல் கூவுகிறது.